ஆறு நீலப் போத்தல்கள்

போன மாதம் நுவரெலியாவில் உங்களில் ஒருவருடைய கடைக்குப் போயிருந்தேன். யாருடைய கடை என்று சொல்லி அவரை வெட்கப்படுத்த விரும்பவில்லை. பழைய எழுதுபெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தை ஈரத் துணியால் ஊறவைத்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "பூஞ்சணம் புடிச்சு வாடை அடிக்குதுங்க ஐயா. சுத்தமா இருந்தாத்தானே வாங்குவாங்க" என்றார். நான் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்குக் கோபம். கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று பிறகு பக்கத்துக் கடையில் சொன்னாராம். அதுவும் என் காதுக்கு வந்தது.

உங்கள் பழைய சாமான் வியாபாரிகள் சங்கத்தில் பேச என்னைக் கூப்பிட்டபோது, பழைய சாமானின் வயதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லித் தரும்படி கேட்டீர்கள். அதை நீங்கள் பழகப் பழகத் தெரிந்துகொள்வீர்கள். ஆணியைப் பார்ப்பது, தச்சனின் இழைப்புத் தடத்தைப் பார்ப்பது, பீங்கானைச் சுண்டிக் கேட்பது எல்லாம் கைப்பழக்கம். எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறு. ஒரு பொருளைப் பார்த்ததும் உங்கள் கை துணியைத் தேடுகிறது, வாய் விலையைத் தேடுகிறது. இந்தப் பொருள் எதற்காக இந்த உருவத்தில் செய்யப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதன் பலனை ஒன்றரை நாளில் அனுபவித்தேன். அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்த சமயம் அது. தோட்டத்துக்குத் தோட்டம் துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். பங்களாச் சாமான்கள் மொத்தமாக விலைக்கு வந்தன. ஹட்டன் பஜாரில் எங்கள் முதலாளி அதுவரை பித்தளைப் பாத்திரம் விற்றுக்கொண்டிருந்தவர். இந்தப் பங்களாச் சாமான்களில் லாபம் தெரிந்ததும் கடையின் பாதியைப் பழைய சாமானுக்கு ஒதுக்கி, அதற்கு என்னைப் பொறுப்பாக வைத்தார். எனக்கு இருபத்து நான்கு வயது, வீட்டில் கைக்குழந்தை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்த ஆங்கிலம் கைவசம் இருந்தது. இந்த அரைகுறை ஆங்கிலத்தை மறந்துவிடாதீர்கள். பிறகு வந்த கேடு எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல்.

லிந்துலைப் பக்கம் ஒரு பங்களாவிலிருந்து வந்த வண்டியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. தேயிலைக்கு முன்னால் மலையில் கோப்பி பயிரிட்ட காலத்துப் பெட்டி. உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஆறு நீலக் கண்ணாடிப் போத்தல்கள் நின்றன. அந்த நீலத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வெயிலில் பிடித்தால் மேசைமேல் நீல வெளிச்சம் விழுந்தது. ஆறு பட்டை வைத்த போத்தல், பட்டைகளில் மேலிருந்து கீழாக வரி வரியாகப் புடைப்பு. ஒரு பட்டையில் மட்டும் ஆங்கில எழுத்து வார்த்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாட் டு பி டேக்கன். எடுக்கக் கூடாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று போத்தலிலேயே எழுதி வார்க்கச் சொல்லியிருக்கிறான் பார், எவ்வளவு கஞ்சத் துரை என்று முதலாளியிடம் காட்டினேன். அவரும் சிரித்தார்.

பெட்டியின் மூடிக்குள்ளே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கையால் எழுதிய பட்டியல். பூஞ்சணம் பிடித்துப் பாதி அழிந்து, வாடை அடித்தது. ஈரத் துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தேன். போத்தல்களைக் கழுவினேன். இரண்டின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மணல் போட்டுக் குலுக்கியும் முழுவதும் போகவில்லை. தண்ணீரின் உப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெட்டியைத் தனியாக ஒருவருக்கு விற்றேன், போத்தல்களைத் தனியாக. ஒன்றாக வந்ததைப் பிரித்தால் அதிகம் கிடைக்கும் என்பது அப்போது என் புத்திசாலித்தனம்.

ஒரே வாரத்தில் ஐந்து போய்விட்டது. எதிர்க்கடை ஜவுளி வியாபாரியின் மனைவி கைக்குழந்தைக்காரி. விளக்கெண்ணெய் ஊற்றி வைக்க ஒன்று வாங்கினார். டிக்கோயாத் தோட்டத்துப் பெரிய கங்காணி ஒருவர் சாராயத்துக்கு மூன்று எடுத்தார். மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்து மாரியம்மன் கோவில் பூசாரி தீர்த்தம் வைக்க ஒன்று. எல்லோரிடமும் ஒரே பாட்டுத்தான் பாடினேன். துரை மேசையில் இருந்த சாமான், இனி சீமையிலிருந்தே வராது, நீங்கள் கொடுத்துவைத்தவர். மிஞ்சிய ஒன்றில் ரோசாப்பூ ஒன்றைக் குத்திக் கடைமுகப்பில் வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஒருவர் சின்னத் தராசு தேடிக்கொண்டு கடைக்கு வந்தார். என்னைவிட வயதில் இளையவர், அதிகம் பேசமாட்டார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. முகப்பில் இருந்த போத்தலைப் பார்த்தார். பூவை எடுத்து ஓரமாக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வரிகளின்மேல் பெருவிரலை ஓட்டினார்.

"இது எத்தனை இருந்துச்சு?" என்றார்.

"ஆறு. இது ஒண்ணுதாங்க மிச்சம். உங்களுக்குன்னா குறைச்சுத் தாறேன்."

"மத்தது எங்க?"

"வித்தாச்சுங்க."

"என்னா ஊத்தி வைக்க வாங்கினாங்க?"

சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

"இதுல இங்கிலீசுல என்னா எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"படிச்சேனே. எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு."

அவர் சிரிக்கவில்லை. "மருந்தை 'எடுக்கிறது'ன்னா இங்கிலீசுல குடிக்கிறதுங்க. இது குடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. வெஷம் வைக்கிற போத்தல் இது. விளக்கு இல்லாத நேரத்துல எடுத்தாலும் கைக்குத் தெரியணும்னுதான் இந்த வரி, இந்தப் பட்டை. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும்னுதான் இந்த நீலம். உள்ள பட்டியல் ஏதும் இருந்துச்சா?"

இருந்தது, நான் சுரண்டிவிட்டேன் என்றேன். இரண்டின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததையும் சொன்னேன்.

"அடியில வெள்ளையா இருந்ததா சொன்னீங்களே, அது எலிப் பாஷாணமோ, வெறும் பேதி உப்போ, பார்த்துச் சொல்ல முடியாது. தெரியலைன்னா வெஷம்னே வச்சுக்கிட்டு ஓடுங்க. யாராவது அதுலருந்து குடிச்சிருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, இல்லைன்னா என்கிட்ட."

முதலாளி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டிஸ்பென்சர் படி இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"போய் அஞ்சையும் வாங்கிட்டு வா. ஆனா வெஷம்னு வாயத் தொறக்காதே. ஒரு தடவை அந்தப் பேச்சு வந்துட்டா நம்ம கடையில எவன் தட்டு வாங்குவான், எவன் செம்பு வாங்குவான்? கண்ணாடியில கீறல் விழுந்திருக்குன்னு சொல்லு. காசைத் திருப்பிக் குடு."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதை மறைக்க மாட்டேன்.

எதிர்க்கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. அந்த அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். போத்தல் மாடத்தில் நின்றது, கால்வாசி குறைந்திருந்தது.

"அக்கா, அந்தப் போத்தலைத் தாங்க. கீறல் விழுந்த சாமானை வித்துட்டேன்."

"எங்க கீறல்? எண்ணெய் ஒழுகலையே."

"உள்கீறல். பிறகு தெறிச்சிடும். அதுக்குப் பதிலா ரெண்டு பித்தளைத் தம்ளர் கொண்டாந்திருக்கேன்."

ஒரு கண்ணாடிப் போத்தலுக்கு இரண்டு தம்ளரா என்று அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு போத்தலைத் துடைத்துக் கொடுத்தார். தொட்டிலில் பிள்ளை விழித்துக்கொண்டு கையைக் காலை உதைத்தது. எண்ணெய் கொடுத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பார்.

"பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்களே?" என்றேன்.

"நேத்துத்தான் விளக்கெண்ணெய் குடுத்தேன். வயிறு போச்சு. அதுக்குத்தானே குடுக்கிறது. ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று டிஸ்பென்சர் சொன்னது காதில் இருந்தது. அதோடுதான் வந்தேன்.

அங்கிருந்து டிக்கோயாவுக்கு நடந்தேன். கங்காணி வீட்டு முன்னறையில் மூன்று போத்தலும் கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக இருந்தன. மூன்றிலும் சாராயம். கீறல் கதையைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கீறலையும் காணோம், ஒண்ணையும் காணோம். ஏன்யா, கீறல் விழுந்த போத்தலுக்கா ஹட்டன்ல இருந்து மூச்சு வாங்க நடந்து வந்திருக்கே?"

"தப்பான சாமானைக் குடுத்துட்டோம்னு முதலாளி வருத்தப்படுறாருங்க."

"உங்க முதலாளியா? வருத்தமா?" சத்தமாகச் சிரித்தார். "எந்தத் துரை கேட்டு விட்டாரு? சொல்லு. சீமையிலேயே கிடைக்காதுன்னு போன வாரம் நீதானே சொன்னே."

வாங்கிய விலையைப்போல இரண்டு பங்கு தருகிறேன் என்றேன். உடனே அலுமாரியைச் சாத்தினார். மூன்று பங்கு என்றேன். சாவியை இடுப்பில் செருகினார். நான் விலையை ஏற்ற ஏற்ற அவருக்கு அந்தப் போத்தல்மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. விற்கும்போது நான் அவிழ்த்துவிட்ட பொய்யெல்லாம் இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. கடைசியில் பொறுமை போய், "ஐயா, அது வெஷப் போத்தலுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"மொதல்ல கீறல், இப்ப வெஷமா? நேத்து இதுலருந்து ரெண்டு கிளாஸ் குடிச்சேன். கல்லு மாதிரி உக்காந்திருக்கேன் பாரு."

கைக்குக் கொடுங்கள், ஒரு விஷயம் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். ஏதோ அடையாளம் காட்டப்போகிறேன் என்று நினைத்து அலுமாரியைத் திறந்து மூன்றையும் என் கையில் கொடுத்தார். வாசல் கல்லில் மூன்றையும் ஓங்கி அடித்தேன். சாராயமும் நீலக் கண்ணாடியும் படி முழுக்கச் சிதறின.

இந்தத் தொழிலில் நாற்பது வருடம் இருந்திருக்கிறேன். நல்ல பழைய சாமான் ஒன்றை என் கையால் வேண்டுமென்று உடைத்தது அந்த ஒரு தடவைதான். இப்போது வெள்ளைக்காரர்கள் அந்தப் போத்தலைத் தேடி அலைகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

கங்காணி அடிக்கத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். எழுந்தவர் நின்றுவிட்டார். கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விற்று லாபம் பார்க்க வந்தவனாக இருந்தால் உடைத்திருக்க மாட்டேன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப நெசமாத்தான் வெஷமா?" குரல் தாழ்ந்துவிட்டது. "நான் நேத்துக் குடிச்சேனேய்யா."

டிஸ்பென்சர் இருந்த தோட்டத்தைச் சொன்னேன். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். உப்புத் தண்ணீர் குடிக்கவைத்து வாந்தி எடுக்கவைத்தாராம் டிஸ்பென்சர். கங்காணிக்கு ஒன்றும் ஆகவில்லை. என்மேலிருந்த ஆத்திரம் மட்டும் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

மறுநாள் ஞாயிறு, மஸ்கெலியாவுக்கு முதல் பஸ் பிடித்தேன். அந்தப் பழைய பஜார் இப்போது நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. அங்கிருந்து மலை ஏறிப் போனால் தோட்டம். பாதி வழியிலேயே தப்பு மேளச் சத்தம் கேட்டது. அன்று கோவில் திருவிழா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

கோவில் வாசலில் தோட்டத்து லய வீடுகளில் இருந்த சனம் அத்தனையும் வரிசையில் நின்றது. பூசை முடிந்து தீர்த்தம் கொடுக்கப்போகிற நேரம். பூசாரி கையில் நீலப் போத்தல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவர் காதருகே, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காதபடி சொன்னேன். இந்த முறை கீறல் என்று சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பொறுமையாக எனக்குப் புத்தி சொன்னார்.

"தம்பி, இது ராமேஸ்வரத்துத் தீர்த்தம். என் மச்சான் ஊர்லருந்து கப்பல்ல வாறப்ப தகரத்துல கொண்டாந்தது. ஒரு சொட்டு விடாம இதுல ஊத்தி ஆத்தா காலடியில வச்சிருந்தேன். அதுல வெஷம் நிக்குமா?"

"ஆத்தாவுக்குத் தெரியும் சாமி. கழுவினவன் நான். எனக்குத்தான் சரியாக் கழுவத் தெரியல."

"தீர்த்தத்தைக் கீழே ஊத்தச் சொல்றியா? இத்தனை சனத்துக்கு முன்னால?"

கங்காணி வீட்டில் செய்ததை இங்கே செய்ய முடியாது. சந்நிதி. கையை நீட்டினால் என்னைப் பிய்த்துப்போட்டிருப்பார்கள். விஷம் என்று கத்தலாம். மலைச்சரிவில் அத்தனை பேர், குழந்தை குட்டிகளோடு. கத்தினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. தப்பு நின்றுவிட்டது. பூசாரி போத்தலின் வாயைத் திறந்தார். வரிசையில் முதலாவதாக நின்ற பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையை ஏந்தினாள். நான் அவள் கைக்குமேல் என் கையை வைத்து மூடினேன்.

"என்னாங்க இது?" என்றாள்.

"என் வீட்டுலயும் எட்டு மாசப் பிள்ளை இருக்கு தங்கச்சி. இந்தப் போத்தலை வித்தவன் நான். இதுலருந்து என் பிள்ளைக்கு நான் குடுக்க மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பூசாரியின் முகத்தைப் பார்த்தாள். கொழுந்தெடுக்கிற பெண், தலைத்துணிகூட அவிழ்க்கவில்லை. ஏந்திய கையை இறக்கிக்கொண்டு, வரிசையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"சாமி, ராமேஸ்வரத்துத் தண்ணி அவ்வளவு தொலைவுலருந்து வந்தது, அது ஆத்தாவுக்கே இருக்கட்டும். எங்களுக்கு நம்ம ஆத்துத் தண்ணி போதும். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு செம்புல குடுங்க."

பின்னால் நின்ற கிழவர் ஒருவரும் அதுதான் முறை என்றார். பூசாரிக்கு அதற்குமேல் விவாதிக்க வேண்டியிருக்கவில்லை. போத்தலை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தார். செம்பில் தண்ணீர் வந்தது, தப்பு மறுபடி தொடங்கியது. கூட்டம் கலைந்தபிறகு கோவிலுக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டி, கும்பிட்டுவிட்டு, தீர்த்தத்தை அதில் ஊற்றினார். போத்தலை என்னிடம் கொடுக்கும்போது, "உன்னை நம்பல தம்பி. அந்தப் பொண்ணு சொன்னதைத்தான் கேட்டேன்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் போத்தல் என் மடியில் இருந்தது. கணக்குப்படி ஆறும் தீர்ந்தது; மூன்று உடைந்தது, மூன்று கைக்கு வந்துவிட்டது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்து மறித்த நான், தினமும் முகம் பார்க்கிற அக்காவிடம் சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஹட்டனில் இறங்கியதும் கடைக்குப் போகவில்லை, நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, புருஷனிடம் சொல்லக்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். டாக்டர் பார்த்து, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அன்றிரவு முழுவதும் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, நன்றாக இருக்கிறது. உங்களில் சிலருக்கு அவரைத் தெரியும்.

என்னிடம் இருந்த போத்தல்களை டிஸ்பென்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஞ்சிய படிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். உள்ளே இருந்தது பாஷாணமா பேதி உப்பா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் காகிதத்தில் இருந்தது. அதைத்தான் நான் சுரண்டினேன். முதலாளி பயந்தது போலவே பேச்சுப் பரவி, நாலு மாதம் கடையில் ஈ ஓட்டினோம். அவர் திட்டினார், நான் கேட்டுக்கொண்டேன். பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. சனங்கள் மறந்துவிடுவார்கள்.

அந்த அக்கா மட்டும் அதற்குப் பிறகு எங்கள் கடைப் படி ஏறவில்லை. அந்த இரண்டு தம்ளரும் மறுநாளே திரும்பி வந்துவிட்டன. இருபது வருடம் எதிரும் புதிருமாக இருந்தோம். ஒரே ஒரு தடவை, பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில், நானாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"வெஷப் போத்தலை வித்தது தெரியாமச் செஞ்சது. அதை நான் அன்னைக்கே விட்டுட்டேன். நீங்க எல்லாம் தெரிஞ்சு வந்து, என் பிள்ளை தொட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, கீறல்னு சொன்னீங்களே."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார்.